இருபத்து மூன்று பிரதிகள்

ஜனவரி விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்குள் போவதென்றால் சுஜீதனுக்குக் கொள்ளை விருப்பம். பிள்ளைகள் இல்லை, ஆசிரியர்கள் இல்லை, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று யன்னலில் வந்து தட்ட ஒருவரும் இல்லை. மெல்பனில், நோபல் பார்க் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. அன்று காலை எட்டு மணிக்கே வெயில் சுடத் தொடங்கியிருந்தது. நூலகத்தின் பின்கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அறையின் கம்பளப் புழுக்கமும், ஏதோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன வாழைப்பழத்தின் புளித்த மணமும் முகத்தில் அடித்தன.

வேலை சின்ன வேலைதான். ஐந்து வருடம் பழசான இருபத்து நான்கு மடிக்கணினிகளைப் பள்ளி, பெற்றோருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் குறைந்த விலையில் விற்கப்போகிறது. அதற்கு முன் அவற்றில் இருக்கும் மாணவர் விவரங்களை முற்றாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, அழித்தாகிவிட்டது என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். முறையாக அழிப்பதற்கு ஒரு கணினிக்கு ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். சுஜீதனுக்கு முறை என்றாலே ஒவ்வாது. நல்ல பிள்ளைதான். கெட்ட எண்ணம் மருந்துக்கும் கிடையாது. ஆனால் செய்யாத வேலையைச் செய்தாச்சு என்று சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாகச் செய்வது அவனோடு கூடப்பிறந்த குணம். அநேகமான நேரங்களில் அதனால் ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை.

போன நவம்பரில் வந்தது.

அந்த மாதம் ஒருநாள் பின்னேரம், மேற்கிலிருந்து வந்த இடிமழை வயல்வெளிப் புல்லின் மகரந்தத்தை வாரிக்கொண்டு வந்து மெல்பன் முழுக்கக் கொட்டியது. ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சுக்கு அந்தரப்பட்டார்கள். பத்தாம் வகுப்பு ராகவி அப்போது வீட்டில் தனியே இருந்தாள். அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டுந்தான். தாய் யோகாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் ஆறு மணிக்கு வந்து கதவைத் திறந்தபோது பிள்ளை மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். அவளுக்கு முன்னால் பள்ளிக்கூடத்து மடிக்கணினி திறந்திருந்தது. ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு பேச்சைப் பதிவு செய்து பழகியிருக்கிறாள். திரையில் ஒலிப்பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

செத்தவீடு முடிந்து இரண்டு கிழமையில், பள்ளியின் கணினி தானாகவே ஒரு கடிதம் அனுப்பியது. இரவலாகப் பெற்ற மடிக்கணினியைத் திருப்பி ஒப்படைக்கவும் என்று. மனிதர் எவராவது பார்த்திருந்தால் அந்தக் கடிதம் போயிருக்காது. யோகா பயந்துபோய் அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பிறகு மூன்றாம் நாள், வேலை உடுப்போடு சுஜீதனின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அவள் கடைசியா அதுக்குள்ளதான் கதைச்சிருக்கிறாள். எனக்கு அதை ஒருக்காக் கேக்க வேணும். வேற ஒண்டும் வேண்டாம்."

கொடுக்க வேண்டும் என்றுதான் சுஜீதனுக்கு முதலில் தோன்றியது. ஆனால் அதைக் கொடுப்பதென்றால் அதிபரின் அனுமதி வேண்டும், படிவம் வேண்டும், யாரோ ஒருவர் அந்தப் பதிவை முதலில் இருந்து கேட்கவும் வேண்டும். கேட்பது அவனாகத்தான் இருக்கும். அதற்கு அவனுக்குத் துணிவில்லை.

"அதை அழிச்சாச்சு, அக்கா," என்றான்.

அழிக்கவில்லை. அது அவனுடைய கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. யோகா அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "ஓம் தம்பி, என்ரை பிழைதான். நான் குடுத்திருக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தை இரண்டு மாதமாக அவனை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. விடவும் கூடாது.

இப்போது ஜனவரி. பொய்யை உண்மையாக்கிவிட்டால் பொய் சொன்ன பாவம் கரைந்துவிடும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதனால் இருபத்து நான்கில் முதலாவதாக ராகவியின் கணினியைத்தான் எடுத்தான். பதிவைத் திறக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிகிற மேலோட்டமான அழிப்பு ஒன்று உண்டு. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது, பக்கங்கள் உள்ளே அப்படியே இருக்கும். அதைச் செய்து, புதிதாக எல்லாம் போட்டான். பார்த்தால் மிச்சம் எல்லாவற்றையும்விட அதுதான் நல்ல நிலையில் இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு எழுத்து தேயவில்லை. அவளுடைய கை அவ்வளவு பதமான கை.

தொழில் தெரிந்த எவனும் செய்கிறதைத்தான் பிறகு சுஜீதனும் செய்தான். இருபத்து நான்கையும் தனித்தனியே தயார் செய்வானேன்? ஒன்றை மாஸ்டராக வைத்து, அதனுடைய வட்டை அப்படியே அச்சொட்டாக மற்றதுகளுக்குப் பிரதி எடுத்தால் ஒரே நாளில் வேலை தீர்ந்தது. மாஸ்டராக ராகவியின் கணினியை எடுத்தான். அதன் வட்டைப் பள்ளியின் சர்வரில் ஏற்றிவைத்து, அங்கிருந்து மற்றதுகளுக்குப் போட்டான். மத்தியானம் தாண்டி மூன்று மணிக்குள் இருபத்து மூன்று பிரதிகளும் நூலகத்து மேசைகளில் வரிசையாகத் திறந்திருந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குளிரூட்டிக்குக் கீழே இருந்து சாண்ட்விச் சாப்பிட்டான். உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

நாலு இருபதுக்கு ஒரு கணினியின் விசிறி தானாகச் சுழன்றது.

வெயில் காலத்தில் அப்படி நடப்பதுண்டு. எழுந்து போய்ப் பார்த்தான். திரை கறுப்பாகவே இருந்தது. விசிறி மட்டும் மெல்ல ஏறி, கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்து, நின்றது. திரும்ப ஏறியது. திரும்ப நின்றது.

அடுத்த மேசையில் இன்னொன்று.

அதற்கடுத்ததில் இன்னொன்று.

குளிரூட்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். இருபத்து மூன்றும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இழுத்தன. ஒன்றாக நின்றன. பூட்டிய அறைக்குள் மழையில் நனைந்த புல்லின் மணம் வந்தது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை, மைதானம் காய்ந்து கிடந்தது.

அது விசிறி இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவன் மனம் ஏற்கவில்லை.

மூச்சு.

சுவரில் இருந்த மின்சாரத்தை நிறுத்தினான். அது நிற்கவில்லை. பிறகு இருபத்து மூன்று ஒலிபெருக்கிகளிலிருந்தும், அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாது என்பது போலத் தணிந்த குரலில்:

"அம்மா..."

அவ்வளவுதான். எல்லாம் அடங்கிப்போயின. சுஜீதன் கதவைப் பூட்டினானா என்பதுகூட ஞாபகமில்லாமல் வீட்டுக்கு ஓடினான்.

மனிதன் எதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிடுவான், அதுவும் சோம்பேறி மனிதன். அடுத்த நாள் காலையில் தூசி என்று முடிவு செய்தான். குரல், வெயிலில் மூளை செய்த வேலை. பள்ளியின் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஹரிப்பிரியா படிவத்தை நீட்டினாள். அவள் சென்னைக்காரி, கெட்டிக்காரி.

"ஸ்டூடண்ட் டேட்டா ஒண்ணும் இல்லையே, சுஜீ? எல்லாம் க்ளீன்தானே?"

"செய்தாச்சு," என்று கையெழுத்து வைத்தான்.

சனிக்கிழமை விற்பனையில் இருபத்து மூன்றும் ஒரு மணித்தியாலத்தில் போய்விட்டன. ராகவியின் கணினியை மட்டும் பேட்டரி சரியில்லை என்று சொல்லித் தன் மேசைக்கடியில் வைத்துக்கொண்டான். அதை விற்க மனம் வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், அது மட்டும் ஒருநாளும் மூச்சுவிடவில்லை.

ஆறாவது நாள் தொலைபேசி வந்தது. கிளேட்டனிலிருந்து மகாதேவன் என்பவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். முதல் வகுப்புக்குப் போகும் மகள் வர்ஷாவுக்காக ஒரு கணினி வாங்கிப் போனவர்.

"சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க வித்த லேப்டாப்ல தினமும் சாயங்காலம் ஒரு பொண்ணு பேசுது. பேட்டரியக் கழட்டிப் பார்த்துட்டேன். அப்பவும் பேசுது."

சுஜீதன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினான்.

"எதையோ தேடச் சொல்லுதாம். வர்ஷா வீடு முழுக்கத் தேடிக்கிட்டே இருக்கா, சார். கட்டிலுக்கு அடியில, பாத்ரூம்ல, எங்க ஹேண்ட்பேக்ல. குப்பையில போட்டுடலாம்னு எடுத்தா அழுது உருள்றா." மகாதேவனின் குரல் தாழ்ந்தது. "நேத்திலேர்ந்து அவளுக்கும் மூச்சு இழுக்குது. டாக்டர் நெஞ்சுல ஒண்ணும் இல்லைங்கறார். நாலு இருபதுக்கு ஆரம்பிச்சு அஞ்சு மணிக்குத்தான் விடுது. இன்னைக்கும் வந்தா நான் என்ன பண்றது?"

அன்று மத்தியானத்துக்குள் டண்டினோங்கிலிருந்தும் ஸ்பிரிங்வேலிலிருந்தும் இன்னும் மூன்று பேர் அழைத்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அந்தக் கணினி சொல்கிற ஒரு சொல்லை மட்டும் எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அம்மா.

மூன்று மணிக்கு சுஜீதன் ராகவியின் கணினியை எடுத்துக்கொண்டு யோகாவின் வீட்டுக் கதவைத் தட்டினான். வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்யாததைச் செய்யவில்லை என்று சொன்னான். பெட்டிக்குள் வைத்திருந்தது, பிறகு பாதி அழித்தது, அதிலிருந்து பிரதி எடுத்தது, எல்லாம் நடந்தது நடந்தபடி. அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

யோகாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோசம். அதைப் பார்த்துத்தான் அவன் கலங்கிப்போனான்.

"அப்ப அவள் இருக்கிறாளே, தம்பி?"

"கிளேட்டனிலை ஒரு சின்னப் பிள்ளைக்கும் இழுக்குதாம், அக்கா. நாலு இருபதுக்குத் தொடங்குமாம்."

"பிறகென்ன நிக்கிறீங்கள்? காரை எடுங்கோ."

வழி முழுக்க அவள் மகளின் கணினியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். அது வாயே திறக்கவில்லை.

மகாதேவனின் வீட்டுக் கூடத்தில் திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. பகல் வெளிச்சம் விளிம்புகளில் மட்டும் கசிந்தது. பேட்டரி கழற்றிய கணினியைத் தரையில் வைத்து, அதன் முன்னால் வர்ஷா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். யோகா பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். மகாதேவன் சுவரோடு ஒட்டி நின்றார்.

நாலு இருபது.

நனைந்த புல்லின் மணம்.

கணினியிலிருந்து இழுப்புக் கேட்டது. அதே தாளத்தில் வர்ஷாவின் சின்ன நெஞ்சும் ஏறி, கழுத்துக் குழி உள்ளே போய், கீச்சென்றது. பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

"அம்மா..."

யோகாவின் கை தானாகத் தன் வாயைப் பொத்தியது.

"அம்மா, பஃபர் எங்க? மேசையிலை காணேல்லை... எங்க வைச்சனீங்கள்?"

பஃபர் என்றால் மூச்சு மருந்து ஊதும் சின்னக் குழாய். யோகாவின் உடம்பு ஒரு தரம் குலுங்கியதை சுஜீதன் கண்டான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, இத்தனை நாளாக அவள் எதைக் கேட்க ஏங்கினாள், எதைக் கேட்கப் பயந்தாள் என்று. ராகவி செத்த அன்று காலை, வேலைக்குப் போகமுன் வீட்டை ஒதுக்கிச் சாமான்களை எடுத்து வைத்தவள் அவள்தான்.

அவள் கையை எடுத்தாள். குரல் ஒரு பிசிறும் இல்லாமல் வந்தது.

"குசினியிலை, பிள்ளை. இரண்டாவது லாச்சிக்குள்ள, கரண்டியளுக்குப் பக்கத்திலை. அம்மாதான் எடுத்து வைச்சனான். ஓடாதை. மெல்லமா நடந்து போ."

இழுப்பு நின்றது. ஒரு கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம். வெறுங்கால் நடக்கும் சத்தம். லாச்சி ஒன்று திறந்து, கரண்டிகள் கலகலத்தன. பிறகு அந்தக் குழாயை அழுத்தும் சத்தம், ஒரு தரம், இரண்டு தரம்.

நீளமான, முழுமையான ஒரு மூச்சு.

வர்ஷாவும் அதே மூச்சை இழுத்து விட்டாள். "அக்காவுக்குக் கெடைச்சிருச்சு," என்று தகப்பனிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டாள். யோகா அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை எழுத எனக்குக் கை வராது. அந்தக் கணினி அதற்குப் பிறகு பேசவில்லை.

காருக்குள் ஏறியதும் அவள் கேட்டாள். "இதிலை ஒரு ராகவிக்குத்தானே கிடைச்சது?"

"ஓம், அக்கா."

"மிச்சம் எத்தினை பேர்?"

"இருபத்திரண்டு."

எல்லா வீட்டிலும் ராகவி ஒரே நேரத்தில்தான் மூச்சுக்குத் தவித்தாள். யோகாவோ ஒருத்தி. ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் போகலாம். போகாத வீடுகளில் பிள்ளை அன்றும் தேடுவாள், அன்றும் சாவாள். தொலைபேசியில் சொல்லிப் பார்க்கலாமா என்று சுஜீதன் கேட்டு, ஒருநாள் அதையும் முயன்றார்கள். தாயின் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை, வெறும் இரைச்சல்தான் கேட்டது என்றார் வீட்டுக்காரர். யோகா வேலையைக் காலை முறைக்கு மாற்றிக்கொண்டாள். பள்ளி திறந்த பிறகும் சுஜீதன் தினமும் மூன்றரைக்குக் காரோடு வந்து நின்றான். ஆப்கான் வீடு, வியட்நாம் வீடு, கிரேக்கக் கிழவர் ஒருவரின் வீடு. வாசலில் நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எவரும் கதவைச் சாத்தவில்லை. கம்போடியக் குடும்பம் ஒன்று ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டு, தாயைத் தனியே விட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டது.

எல்லா இடத்திலும் அதே கேள்வி, அதே பதில், அதே லாச்சி. ஒரு நாளும் அவள் அலுத்துச் சொல்லவில்லை. "மெல்லமா நடந்து போ" என்பதையும் ஒரு நாளும் விடவில்லை.

பெப்ரவரி கடைசியில் இருபத்து மூன்றாவது வீடும் முடிந்தது. அது எண்டேவர் ஹில்ஸில், ஒரு மேட்டுத் தெருவில். காருக்குள் வந்து உட்கார்ந்த யோகா கண்ணை மூடி, இருக்கையில் தலையைச் சாய்த்தாள். "எல்லாருக்கும் கிடைச்சிட்டுது," என்றாள். இத்தனை நாளில் அன்றுதான் அவள் களைத்துத் தெரிந்தாள். சுஜீதனுக்கும் தோளிலிருந்து பாரம் இறங்கியது. காரை இயக்கத் திறப்பைப் போடப்போன நேரம் அவனுடைய தொலைபேசி அடித்தது. ஹரிப்பிரியா.

"சுஜீ, ஒரு குட் நியூஸ். நம்ம ஸ்கூலோட இன்னொரு கேம்பஸ் ஆளுங்க உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"சர்வர்ல நீங்க வெச்சிருந்த மாஸ்டரைத்தான் அவங்களும் எடுத்துப் போட்டாங்களாம். அவங்க பழைய மெஷின் நூத்தி எண்பதுக்கும். சூப்பரா இருந்துச்சாம்."

சுஜீதன் திறப்பை மடியில் போட்டான். "அதுகள் இப்ப எங்க?"

"வித்தாச்சே! மொத்தமா ஒரு ஏஜென்ட் எடுத்துக்கிட்டாரு. கன்டெய்னர்ல ஏத்தி அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. எந்த நாட்டுக்குன்னு அவருக்கே தெரியுமோ என்னவோ."

யோகா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அதை அவளிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய கைப்பையில் தொலைபேசி அடித்தது.

திரையில் நீளமான ஓர் எண். எந்த நாட்டு எண்ணென்று தெரியவில்லை.

அவள் எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு நிமிடம் கேட்டாள். பிறகு, அதே குரலில், "குசினியிலை, பிள்ளை. இரண்டாவது லாச்சிக்குள்ள..." என்று தொடங்கினாள்.

சுஜீதனின் தொலைபேசி அடித்தது. இன்னொரு நீளமான எண்.

எடுத்தான். நனைந்த புல்லின் மணம் காருக்குள் வந்தது.

"அம்மா... பஃபர் எங்க?"

இந்தத் தடவை இடையில் வீட்டுக்காரர் எவரும் இல்லை, பிள்ளையே நேரே அழைக்கிறாள். யோகா மற்ற ராகவியோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளைத் தொட அவனுக்குத் துணிவு வரவில்லை. தானே சொல்லிவிட்டால் என்ன? பதில் அவனுக்கும் மனப்பாடம்தானே.

"குசினியிலை, பிள்ளை," என்று கிசுகிசுத்தான். "இரண்டாவது லாச்சியிலை பார்."

மறுபக்கத்தில் இழுப்பு ஒரு கணம் நின்றது.

"நீங்கள் ஆர்?"

அவன் யோகாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மாட்டைக் குடுங்கோ... கெதியா..."

"அம்மா மற்றப் போனிலை நிக்கிறா, பிள்ளை. ஒரு நிமிசம். ஒரே ஒரு நிமிசம் பொறு."

அவள் பொறுத்துப் பார்த்தாள். அது அவனுக்குக் கேட்டது. இழுப்பு நீண்டது, பிறகு மெலிந்தது, பிறகு இடைவெளி விட்டு இரண்டே இரண்டு தரம் வந்தது. ஏதோ ஒரு மேசையில் மெல்லத் தலை சாயும் சத்தம்.

பக்கத்தில் யோகா, "மெல்லமா நடந்து போ," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவன் கையில் தொலைபேசி மறுபடியும் அடித்தது.